கோடையில் பார்த்து ஏமாறாதீர்கள்: வீதி அடுக்குகளுக்குக் கிரவலும் கல்லும் தெரிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி (திருகோணமலை)

ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது தம்பலகாமத்து வயல் வரம்பில் நின்று குதிக்காலால் இடித்துப் பாருங்கள். நிலம் கல்லாக இறுகியிருக்கும். அதே நாள் நிலாவெளிக் கரையோர மணலில் டிப்பரை இறக்கினால் சில்லு புதைந்துவிடும். இரண்டில் எது வீதி போட நல்ல நிலம் என்று கேட்டால் பெரும்பாலானோர் வரம்பைத்தான் காட்டுவார்கள். மார்கழியில் போய்ப் பார்த்தால் எல்லாம் தலைகீழாக இருக்கும். வரம்பு மண் சேறாகிவிடும். மணலோ மழைக்கு முன்பு இருந்ததைவிட உறுதியாக நிற்கும்.

எங்கள் மாவட்டத்தில் பெரும்பகுதி மழை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. வீதி வேலைகள் நடப்பதோ அநேகமாக வைகாசிக்கும் புரட்டாசிக்கும் இடையில். அதாவது பொருளைத் தெரிவு செய்பவர் அதை அதன் மிகச் சிறந்த தோற்றத்தில் மட்டுமே பார்க்கிறார். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே போகிறது: இந்த மண்ணும் கல்லும் நனைந்த பிறகு எப்படி இருக்கும்?

ஏ6, ஏ12, ஏ15 போன்ற பெருவீதிகளுக்கு ஆய்வுகூடமும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். இது அவர்களுக்கு அல்ல. மூன்று நான்கு மீற்றர் அகலக் கிராமிய வீதியை ஒப்பந்தம் எடுக்கும் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, சிறு ஒப்பந்தகாரர், புதிதாக வேலைக்கு வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆகியோருக்காக எழுதுகிறேன்.

அடுக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழே இருப்பது அடிநிலம், அதாவது இருக்கிற மண் அல்லது நாம் போட்டு உயர்த்திய நிரப்பு. அதன் மேல் சப்பேஸ், பெரும்பாலும் கிரவல். அதன் மேல் பேஸ், இப்போதெல்லாம் அநேகமாக ஏபிசி எனப்படும் உடைத்த கல் கலவை. மேலே தார் அல்லது கொங்கிறீற்று. மேலிருந்து கீழே போகப் போகப் பாரம் பரவிக் குறையும், ஆகவே கீழ் அடுக்குக்கு மலிவான பொருள் போதும். ஆனால் கீழேதான் ஈரமும் அதிகம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படி 1: தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பொருளைத் தேடிப் போகுமுன் வீதி ஓடும் நிலத்தை நடந்து பாருங்கள். திருகோணமலையை இதற்காக மூன்றாகப் பிரித்துக்கொள்வேன்.

உப்புவெளியில் இருந்து குச்சவெளி வரையான கரையோரம் மணல். மணல் நனைந்தாலும் பலம் பெரிதாகக் குறையாது, அதுதான் அதன் சிறப்பு. குறை என்னவென்றால் பக்கங்களில் அணைப்பு இல்லாவிட்டால் ஓடிவிடும். களப்பு ஓரங்களில் உப்பும் ஒரு தொல்லை. கோடையில் ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பு மட்டும் மேல் அடுக்கில் தங்கிப் படிகமாகிறது. மெல்லிய தார் மேற்பரப்புக் கொப்புளம் போலத் தூக்கி உரிவதற்கு இது ஒரு காரணம். தரையில் வெள்ளைப் பூச்சுத் தெரிகிற இடத்து மண்ணை மேல் அடுக்குகளுக்கு எடுக்க வேண்டாம்.

மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் மகாவலியும் சிற்றாறுகளும் கொண்டுவந்த வண்டலும் வயல் களியும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் பகுதி என்பதால் நிலத்தடி நீரும் உயரத்தில் இருக்கும். இன்னொன்றைக் கவனியுங்கள். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களுக்குள் போகும் வீதிக்குக் கோடை என்ற ஒன்றே கிடையாது. சிறுபோகத்தில் வாய்க்கால் ஓடும்போது ஆடியிலும் அடிநிலம் ஊறியபடிதான் இருக்கும். "இங்கே மழை குறைவுதானே" என்று அடுக்கைக் குறைக்க நினைப்பவர்களை முதலில் வாய்க்கால் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பன்குளம், மொறவெவ, கோமரங்கடவல, கந்தளாய் மேட்டுப் பகுதிகளில் செங்கபில மண். மேட்டில் வடிகால் நல்லது, பள்ளத்தில் அதே மண் தொடர் சாம்பல் நிறக் களியாக மாறிவிடும். ஒரே வீதியில் 300 மீற்றருக்குள் இரண்டும் வரும். சாம்பல் நிறமோ அதில் துருப் புள்ளிகளோ தெரிந்தால் அந்த இடத்தில் வருடத்தில் நீண்ட நாள் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். யாரையும் கேட்கத் தேவையில்லை.

ஆனாலும் கேளுங்கள். "மாரியில் எதுவரைக்கும் தண்ணி வரும்?" என்று பக்கத்து வீட்டு ஐயாவிடமோ அம்மாவிடமோ கேட்டால் சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள். அந்த மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீதியின் நடு முகடு, பக்கக் கானின் அடிமட்டத்தில் இருந்து குறைந்தது முக்கால் மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது வெப்பமண்டல நாடுகளுக்கான நல்ல விதி. இதை விட்டுவிட்டு விலைகூடிய கல்லைத் தேடி அலைவதில் பயனில்லை.

படி 2: அடிநிலத்தை அளவிடுங்கள்

சுமார் 200 மீற்றருக்கு ஒரு குழியும், மண் நிறம் மாறும் இடமெல்லாம் ஒரு குழியும், ஒரு மீற்றர் ஆழத்துக்கு வெட்டுங்கள். மேலே உள்ள வேர், இலை, கறுப்பு மண் எவ்வளவு ஆழம் என்று குறியுங்கள். அது முழுவதும் அகற்றப்பட வேண்டியது. புற்று மண்ணும் அப்படித்தான். காய்ந்தால் கடினம், நனைந்தால் களி.

கூம்பை அடித்து இறக்கி மண்ணின் பலத்தைப் பார்க்கும் டிசிபி கருவி கிடைத்தால் மிக நல்லது. 8 கிலோ சுத்தியல் 575 மி.மீ. உயரத்தில் இருந்து விழும், 60 பாகைக் கூம்பு உள்ளே போகும். ஓர் அடிக்கு எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்பதை வைத்து மண்ணின் சிபிஆர் பெறுமானத்தை, அதாவது அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் காட்டும் எண்ணைக் கணிக்கலாம். எண் கூடினால் பலம் கூட. ஓர் அடிக்கு 10 மி.மீ. என்றால் சிபிஆர் சுமார் 26, 20 மி.மீ. என்றால் சுமார் 13, 40 மி.மீ. என்றால் சுமார் 6. ஆடியில் எடுத்த அளவு களிமண்ணில் பொய் சொல்லும். அதனால் குழியில் தண்ணீர் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு தடவை அடித்துப் பாருங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் இரண்டாவதை நம்புங்கள்.

ஊறிய நிலையில் சிபிஆர் 5க்குக் கீழே இருக்கும் மண்ணில் நேரடியாகச் சப்பேஸ் போட வேண்டாம். இடையில் சிபிஆர் 15 தரும் தெரிவு செய்த மண்ணால் ஓர் அடுக்குப் போட்டு மேடாக்குங்கள். வயல் வீதிகளில் இந்த அடுக்கு எப்படியும் தேவைப்படும், ஏனென்றால் அங்கே உயர்த்தாமல் வீதி போட முடியாது. கரையோர மணல் என்றால் பெரும்பாலும் இது தேவையே இல்லை.

படி 3: கிரவல் குழியைப் படியுங்கள்

செங்கபில மண்ணுக்குக் கீழே பல இடங்களில் வெண்கற் பரல்களும் இரும்புச் சத்துள்ள செம்பரல்களும் கலந்த ஒரு படை இருக்கும். நாங்கள் கிரவல் என்று ஏற்றுவது பெரும்பாலும் அதைத்தான். இந்தப் படை தடிப்பானது அல்ல. குழியின் சுவரைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டு மேலிருந்து கீழே பாருங்கள். மேலே வேரோடு கூடிய மண், அதன் கீழே பரல் படை, அதற்கும் கீழே மினுமினுக்கும் உக்கிய பாறை. பக்கோக்காரர் மூன்றையும் ஒரே வாளியில் அள்ளினால் காலையில் பார்த்த மாதிரிக்கும் மாலையில் வரும் லோட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. கிரவல் பிரச்சினைகளில் பாதி இங்கேயே தொடங்குகிறது என்பது என் கணிப்பு. நல்ல குழி கெட்ட குழி என்று பேசுகிறோமே, உண்மையில் நல்ல அள்ளலும் கெட்ட அள்ளலும்தான் அதிகம்.

ஆகவே மேல் மண்ணை முதலில் ஒதுக்கி ஓரமாகக் குவிக்கச் சொல்லுங்கள். குழியை மூடும்போதும் அது தேவைப்படும். பரல் படை எவ்வளவு தடிப்பு, எந்தப் பக்கம் மெலிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள உக்கிய பாறையில் மினுங்குவது கருமைக்கா. கையில் தேய்த்தால் பளபளவென்று செதிள் ஒட்டும். மைக்கா கூடிய மண் றோலருக்கு அடியில் இறுகாது. அமுக்கினால் தாழும், விட்டால் எழும். அதைத் தொடாமல் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாதிரி எடுக்கும்போது குவியலின் அடிவாரத்தில் இருந்து அள்ளாதீர்கள், பெரிய பரல்கள் அங்கேதான் உருண்டு நிற்கும். சுவரில் மேலிருந்து கீழாக ஒரு தவாளிப்பு வெட்டி, விழுவதை எல்லாம் ஒரு படங்கில் ஏந்திக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒரு வாளி தண்ணீரோடு கைச் சோதனை

ஆய்வுகூடத்துக்கு அனுப்புமுன் தகுதியற்ற குழிகளைக் கழித்துவிடத்தான் இது. செலவு இல்லை.

பரல் ஊறல்: ஒரு கைப்பிடி பரலைக் கழுவி, வாளியில் போட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் விரல்களுக்கு இடையில் வைத்து நசுக்குங்கள். வெண்பரல் அசையாது. செம்பரலில் சில நொறுங்கும். நொறுங்குவது அதிகம் என்றால் அது கிரவலாகத் தெரிகிற களிமண்தான்.

போத்தல்: கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு நுண்ணிய மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் படியும், அதன் மேல் மென்மண்டி (மணலைவிட நுண்ணிய வண்டல்), களி அடுத்த நாள் வரை கலங்கியே நிற்கும். அடுத்த நாள் அடுக்குகளின் உயரத்தைப் பாருங்கள். நுண்ணிய பகுதியில் களிப் படை தடிப்பாக இருந்தால் அந்தக் குழியைச் சந்தேகப் பட்டியலில் போடுங்கள்.

திரி உருட்டல்: நுண்ணிய மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கண்ணாடித் தட்டில் 3 மி.மீ. தடிப்புத் திரியாக உருட்டுங்கள். திரியே வராமல் உடைந்தால் களித்தன்மை இல்லை. ஒரு தடவை வந்து, மீண்டும் பிசைந்து உருட்டும்போது உடைந்தால் கொஞ்சம் உண்டு, சப்பேஸுக்குப் பரவாயில்லை. எத்தனை தடவை பிசைந்தாலும் நீளமாக, வழுவழுப்பாக வந்தால் வேண்டாம்.

காய்ந்த உருண்டை: அதே மண்ணில் ஓர் உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்து உடைத்துப் பாருங்கள். இதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். உடைக்க முடியாத அளவுக்குக் கடினமாக இருந்தால் "நல்ல கிரவல், நல்லாப் பிடிக்கும்" என்பார்கள். அந்தக் கடினம் களியால் வந்தது. காய்ந்த கடினம் நனைந்த பலத்தைக் காட்டாது, பல தடவை எதிரானதையே காட்டும். அதே உருண்டையைத் தட்டில் வைத்துச் சுற்றித் தண்ணீர் ஊற்றினால் விடை சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ஒரு விலக்கு உண்டு. தார் போடாமல் கிரவலே மேற்பரப்பாக நிற்கும் வீதிக்குக் கொஞ்சம் களி வேண்டும். இல்லாவிட்டால் கோடையில் பரல் சிதறிப் புழுதி கிளம்பும். தாருக்குக் கீழே போகும் கிரவலுக்கு அந்தக் களி எதிரி. ஆக, பக்கத்து ஊர்க் கிரவல் வீதி நன்றாக நிற்கிறது என்பதற்காக அதே குழியைத் தார் வீதிச் சப்பேஸுக்கு எடுக்க முடியாது.

படி 5: ஆய்வுகூடத்தில் கேட்க வேண்டியவை

கையில் தேறியவற்றை மட்டும் அனுப்புங்கள். சல்லடைப் பகுப்பு, திரவ எல்லை (மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈர அளவு), களிச் சுட்டெண் (களித்தன்மை எவ்வளவு என்பதைக் காட்டும் எண்), மாற்றியமைத்த புரொக்டர் (மண்ணை எவ்வளவு இறுக்கலாம் என்று பார்க்கும் சோதனை), நான்கு நாள் ஊறவைத்த சிபிஆர் ஆகியவை போதும். "நான்கு நாள் ஊறவைத்த" என்ற சொற்களை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். ஊறவைக்காத சிபிஆர் அறிக்கையை யாராவது நீட்டினால் அது இந்த வேலைக்கு உதவாது.

சப்பேஸ் கிரவலுக்கு எங்கள் நாட்டு வேலைகளில் வழமையாகக் கேட்பது திரவ எல்லை 40க்கு மேற்படாமல், களிச் சுட்டெண் 15க்கு மேற்படாமல், ஊறிய சிபிஆர் 20க்குக் குறையாமல். வெப்பமண்டல வீதிகளுக்கான பிரித்தானிய வழிகாட்டி (Overseas Road Note 31) சப்பேஸுக்குக் கேட்கும் ஊறிய சிபிஆர் 30. ஒப்பந்தத்தில் உள்ள எண்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் வயலுக்குள் போகும் வீதி என்றால் 30ஐயே இலக்காக வைக்கச் சொல்வேன், களிச் சுட்டெண்ணையும் முடிந்தவரை இறக்குங்கள். 0.075 மி.மீ. சல்லடையால் போகும் நுண்பொடி 5 முதல் 15 சதவீதம் வரை இருப்பது வசதி. அதற்குக் குறைந்தால் பரல் கட்டாது, கூடினால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அறிக்கையில் சிபிஆர் எந்த இறுக்கத்தில், அதாவது புரொக்டர் அடர்த்தியில் எத்தனை சதவீதத்தில், அளக்கப்பட்டது என்றும் பாருங்கள். 100 சதவீத இறுக்கத்தில் 25 வந்த கிரவல் 95 சதவீதத்தில் 20ஐத் தொடாமல் போகலாம்.

புல்மோட்டைப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே கரையோர மணலில் இல்மனைற்று போன்ற பாரமான கனிமங்கள் கலந்திருக்கும். சாதாரண மணலின் தன்னீர்ப்பு 2.65 அளவில், இல்மனைற்று 4.5க்கும் மேல். அப்படிப்பட்ட மண் கலந்த இடத்தில் வேறு குழியின் புரொக்டர் அடர்த்தியை வைத்து இறுக்கத்தைக் கணக்கிட்டால், இறுகாத அடுக்கும் 100 சதவீதத்தைத் தாண்டியதாகக் காட்டும். அந்த மண்ணுக்கென்று தனிப் புரொக்டர் செய்துகொள்ளுங்கள்.

படி 6: கல்

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. ஆகவே நல்ல கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, தெரிவுதான் வேண்டும். கருமையான, எண்ணெய்ப் பளபளப்புள்ள சார்னொக்கைற்று பொதுவாக நம்பத்தக்கது. கருமைக்கா வரிவரியாக ஓடும் நைஸ் என்ற பாறை உடைக்கும்போது தட்டைத் தட்டையாக வரும், தட்டைக் கல் றோலரின் கீழ் முறியும். குவார்ட்சைற்று மிகக் கடினம், பேஸுக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் அதில் தார் ஒட்டுவது குறைவு. மேற்பரப்புச் சல்லிக்கு அதை எடுப்பதானால் ஒட்டலைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

குவாரியில் நிற்கும்போது சுத்தியலால் அடியுங்கள். புதுக் கல் கணீரென்று ஒலிக்கும், உக்கல் கல் மந்தமாக ஒலிக்கும். உடைந்த முகத்தில் வெள்ளைப் படிகங்கள் பளபளக்க வேண்டும். சுண்ணாம்பு மாதிரி மங்கி, நகத்தால் சுரண்ட வந்தால் உக்கத் தொடங்கிவிட்டது. பாறையின் மேல் சில மீற்றரில்தான் இது அதிகம். புதிதாகத் திறந்த குவாரியில் இருந்து முதல் மாதங்களில் வரும் கல்லைக் கூடுதலாகச் சந்தேகியுங்கள்.

ஏபிசிக்குப் பொதுவாகக் கேட்பது ஊறிய சிபிஆர் 80க்குக் குறையாமல், லொஸ் ஏஞ்சலிஸ் தேய்வு (இரும்புக் குண்டுகளோடு உருட்டும்போது கல் எவ்வளவு தேய்கிறது என்பது) 40 சதவீதத்துக்கு மேற்படாமல், தட்டைச் சுட்டெண் (தட்டைக் கல்லின் பங்கு) 35க்கு மேற்படாமல். நுண்பொடியின் களிச் சுட்டெண் 6க்குக் கீழே இருக்க வேண்டும். கிறசர்காரர்கள் சில இடங்களில் நுண்பொடி குறையும்போது மேல் மண்ணைக் கலந்து நிரப்புவார்கள். ஏபிசி செம்மண் நிறம் அடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். புதிதாக உடைத்த கல்லின் தூள் சாம்பல் நிறம், நனைத்துத் தேய்த்தால் விரலில் ஒட்டாது.

கடற்கரை முருகைக்கல் வேண்டவே வேண்டாம். எடுப்பது சட்டப்படி தடை, புறாத்தீவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசுவதே வெட்கம். பழைய கொங்கிறீற்றை உடைத்துச் சப்பேஸில் சேர்க்கலாம். செங்கல், ஓடு உடைசல் சேர்க்கக் கூடாது.

படி 7: கிடைத்தது தேறாவிட்டால்

தூரத்து நல்ல கிரவலுக்குக் கூலி கொடுப்பதா, கிட்டத்துக் கிரவலைத் திருத்துவதா என்று கணக்குப் போடுங்கள். பரல் நல்லது, களி மட்டும் அதிகம் என்றால் குவாரிக் கல்தூளோ பரும் மணலோ கலந்து களிச் சுட்டெண்ணை இறக்கலாம். விகிதத்தைக் குத்துமதிப்பாக வைக்காமல் இரண்டு மூன்று கலவைகளை ஆய்வுகூடத்தில் பார்த்துத் தீர்மானியுங்கள். களி மிகக் கூடிய மண்ணுக்குச் சுண்ணாம்பு, மணற்பாங்கான மண்ணுக்குச் சீமெந்து. சீமெந்து கலந்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் உருட்டி முடிக்க வேண்டும். பவுசரும் றோலரும் பக்கத்தில் நிற்காத வேலைத்தளத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

படி 8: அடுக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா

தனித்தனியே தேறிய பொருட்கள் சேர்ந்து தோற்பதுண்டு. ஈரக் களியின் மேல் வெறும் பெருங்கல்லைப் பரப்பினால், வண்டி ஓடும்போது களி மேலே ஏறும், கல் கீழே இறங்கும். "எவ்வளவு கல் போட்டாலும் விழுங்குது" என்று மூதூர் பக்கம் சொல்வது இதைத்தான். இடையில் மணலோ கல்தூளோ ஒரு படை, அல்லது ஜியோடெக்ஸ்டைல் துணி வையுங்கள்.

அடுத்தது பக்க ஓரம். வீதி அகலத்துக்கு மட்டும் பெட்டி வெட்டி, கிரவலும் ஏபிசியும் நிரப்பி, இரண்டு பக்கமும் களிமண்ணால் ஓரம் கட்டுவது எங்கள் கிராம வீதிகளில் வழக்கமாகிவிட்டது. உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லை. சப்பேஸை ஓரத்தையும் சேர்த்துக் கான் வரைக்கும் நீட்டுங்கள். கிரவல் செலவு கூடும்தான். பணம் போதாவிட்டால் வீதியின் நீளத்தைக் குறையுங்கள் என்பேன். இதில் என்னோடு உடன்படாத தலைவர்கள் நிறையப் பேர்.

பரலின் மிகப் பெரிய அளவு இறுகிய அடுக்கின் தடிப்பில் பாதியைத் தாண்டாமல் பாருங்கள். 150 மி.மீ. அடுக்கில் 100 மி.மீ. உருண்டைக் கல் கிடந்தால் றோலர் அதன் தலையில்தான் ஏறி இறங்கும், சுற்றியுள்ள மண் இறுகாது.

படி 9: கணக்கு, அனுமதி, இறக்கல்

ஒரு கிலோமீற்றர் வீதி, 4 மீற்றர் அகலம், 200 மி.மீ. சப்பேஸ் என்றால் இறுகிய பின் 800 கனமீற்றர். தளர்வாக ஏற்றும்போது சுமார் 1.3 மடங்கு, 1040 கனமீற்றர். ஒரு கியூப் 2.83 கனமீற்றர், ஆக ஏறத்தாழ 367 கியூப். ஓரத்தையும் சேர்த்து 6 மீற்றருக்குப் போட்டால் 551 கியூப். இந்த அளவை முதலே குழி உரிமையாளரிடம் சொல்லுங்கள். குழியின் பரல் படை அவ்வளவு தருமா என்பதைப் படி 3இல் குறித்த தடிப்பை வைத்து நீங்களே கணக்கிடலாம். தராவிட்டால் நடுவில் வேறு குழி மாறும், எல்லாச் சோதனையும் திரும்பத் தொடங்கும்.

கிரவலோ கல்லோ எடுப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். குழி காட்டுக்குள்ளோ தொல்பொருள் இடத்துக்கு அருகிலோ இருந்தால் அந்தந்தத் திணைக்களங்களின் சம்மதமும் தேவை. அனுமதி இல்லாத குழியில் இருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், வேலையின் நடுவில் டிப்பர் பொலிஸில் நிற்கும் நாளையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் லோட்டுகளை 50 மீற்றர் நீளத்துக்கு மட்டும் பரப்பி ஒரு பரீட்சார்த்தத் துண்டு செய்யுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடியை அமுக்கி உருண்டையாக்கி இடுப்பு உயரத்தில் இருந்து விடுங்கள். சில துண்டுகளாக உடைந்தால் சரி, தூளாகச் சிதறினால் தண்ணீர் போதாது, உடையாமல் சப்பையானால் அதிகம். றோலர் எத்தனை தடவை போனபின் அடர்த்தி நிற்கிறது என்று அந்தத் துண்டில் எண்ணி, அதே எண்ணிக்கையை மீதி வேலைக்கு வையுங்கள். அதன்பின் ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று லோட்டில் போத்தலும் திரியும் போதும். நிறம் மாறி வந்த லோட்டை மட்டும் பரப்ப விடாதீர்கள். ஓரமாகக் கொட்டி வைத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் முடிவு சொல்லுங்கள். அன்று மாலை டிப்பர்காரரிடம் கொஞ்சம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.